மூட்டுவலி ஊசிக்கு முன் டி.பி டெஸ்ட் எதற்கு?

முடக்குவாதத்துக்கு மாத்திரைகள் சரியாகக் கேட்காதபோது, ‘பயாலஜிக்’ வகை ஊசியை டாக்டர்கள் பரிந்துரைப்பதுண்டு. கூடவே மார்பு எக்ஸ்-ரேவும் டி.பி பரிசோதனையும் எடுத்து வரச் சொல்வார்கள். “எனக்கு இருமல்கூட இல்லையே... மூட்டுவலிக்கும் டி.பி-க்கும் என்ன சம்பந்தம்?” என்று குழம்புபவர்கள் அநேகம். சம்பந்தம் உண்டு. அதன் பெயர் டி.என்.எஃப்.

உடம்பின் அபாயச் சங்கு

நம் நோய் எதிர்ப்பு செல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் மொழி, சைட்டோகைன் எனப்படும் சின்னஞ்சிறு புரதங்கள். அவற்றில் முக்கியமான ஒன்று டி.என்.எஃப். இதைத் தயாரிக்கும் ஜீன் நம் ஆறாவது குரோமோசோமில் இருக்கிறது. கிருமி உள்ளே நுழைந்ததும், அதை விழுங்க வரும் மேக்ரோபேஜ் செல்கள் இந்த ஜீனை முடுக்கிவிடுகின்றன. டி.என்.எஃப் சுரக்கிறது, ரத்தக் குழாய்கள் இளகி வழிவிடுகின்றன, வெள்ளையணுக்கள் அந்த இடத்தில் குவிகின்றன. காயம் பட்ட இடம் சிவந்து வீங்குவதிலும், காய்ச்சல் அடிப்பதிலும் இதற்குப் பங்கு உண்டு.

1975-ல் நியூயார்க்கில் லாயிட் ஓல்ட் குழுவினர் இதற்குப் பெயர் வைத்தார்கள். பி.சி.ஜி கிருமியும், பின்னர் பாக்டீரியா நச்சும் செலுத்தப்பட்ட எலிகளின் ரத்தத்தில் இருந்த ஒரு பொருள், வேறு எலிகளின் புற்றுக்கட்டியைக் கருகச் செய்தது. அதனால்தான் ‘ட்யூமர் நெக்ரோசிஸ் ஃபேக்டர்’, அதாவது கட்டியை அழிக்கும் காரணி என்று பெயர். புற்றுநோய்க்கு மருந்து கிடைத்துவிட்டது என்ற நம்பிக்கை பிறந்தது. ஆனால் மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது காய்ச்சலும் ரத்த அழுத்தச் சரிவும்தான் முந்திக்கொண்டன. 1985-ல் புரூஸ் பாய்ட்லர், ஆன்டனி செராமி குழுவினர் இன்னொன்றைக் கண்டார்கள். நோயில் உடல் உருகி மெலியக் காரணம் என்று அவர்கள் தேடிக்கொண்டிருந்த பொருளும் இதேதான்!

சங்கு நிற்காவிட்டால்...

கிருமி போனதும் இந்தச் சங்கு அடங்க வேண்டும். முடக்குவாதத்தில் அது அடங்குவதில்லை. கிருமியே இல்லாத மூட்டுக்குள் டி.என்.எஃப் தொடர்ந்து சுரந்து, குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கிறது. காலையில் எழுந்ததும் விரல்களை மடக்க முடியாமல் போவது இதனால்தான்.

டி.என்.எஃப்-ஐ மட்டும் தடுத்தால் அழற்சியின் மொத்தச் சங்கிலியும் தளரும் என்று லண்டனில் மார்க் ஃபெல்ட்மன், ரவீந்தர் மைனி இருவரும் கணித்தார்கள். 1992-ல் முதல் நோயாளிகளுக்கு ஊசி போடப்பட்டது, வலியும் வீக்கமும் குறைந்தன. இன்று இன்ஃபிளிக்ஸிமாப், எடனர்செப்ட், அடாலிமுமாப் என்று பல மருந்துகள் இருக்கின்றன. முதுகெலும்பை இறுக்கும் ஒருவகை வாதம், சோரியாசிஸ், குரோன் எனும் குடல் அழற்சி நோய் ஆகியவற்றுக்கும் இவற்றைத் தருகிறார்கள். 2014-ல் அடாலிமுமாப்பின் இந்தியத் தயாரிப்பும் விற்பனைக்கு வந்துவிட்டது.

தூங்கும் கிருமிக்குக் காவல்

டி.பி கிருமி உடம்புக்குள் போன எல்லோருக்கும் நோய் வருவதில்லை. எதிர்ப்பு செல்கள் கிருமியைச் சுற்றி நின்று சுவர் எழுப்பி, அதை உள்ளேயே அடைத்துவிடுகின்றன. கிருமி சாகாமல் பல வருடம் தூங்கும். இந்தியாவில் பெரியவர்களில் சுமார் 10-ல் 3 பேர் இப்படித்தான் இருக்கிறார்கள். அவர்களில் ஆயுள் முழுவதிலும் நோயாக மாறுவது 5 முதல் 10 சதவிகிதம் பேருக்கு மட்டுமே.

அந்தச் சுவர் குலையாமல் பார்த்துக்கொள்வது டி.என்.எஃப். மூட்டுக்காக அதைத் தடுத்தால், நுரையீரலில் இருக்கும் சுவரும் தளரும்.

2001-ல் வெளியான ஓர் ஆய்வறிக்கை இதை உலகுக்குச் சொன்னது. இன்ஃபிளிக்ஸிமாப் போட்டுக்கொண்டவர்களில் 70 பேருக்கு டி.பி வந்திருந்தது. அவர்களில் 48 பேருக்கு மூன்று டோஸ்களுக்குள்ளாகவே வந்துவிட்டது. பாதிக்கும் மேற்பட்டோருக்கு நுரையீரலுக்கு வெளியே பரவியிருந்தது. ஊசிக்கு முன் பரிசோதனை கட்டாயமானது இதற்குப் பிறகுதான்.

டாக்டரிடம் மறைக்கக் கூடாதது

தோலில் போடும் மான்டூ, இக்ரா எனும் ரத்தப் பரிசோதனை, மார்பு எக்ஸ்-ரே ஆகியவற்றின் மூலம் டாக்டர் முடிவு செய்வார். எதுவும் நூற்றுக்கு நூறு துல்லியம் இல்லை. ஏற்கெனவே ஸ்டீராய்டு சாப்பிடுபவர்களுக்கு, கிருமி இருந்தும் ‘இல்லை’ என்று காட்டலாம். அதனால்தான் “வீட்டில் யாருக்காவது டி.பி இருந்ததா?” என்ற கேள்விக்கு அவ்வளவு முக்கியத்துவம்.

நம் வீடுகளில் இந்தக் கேள்விக்கு உண்மையான பதில் சுலபத்தில் வராது. பெண்ணுக்கு வரன் அமையாது, அக்கம்பக்கம் பேசும் என்று டி.பி-யை ‘நெஞ்சுச் சளி’ என்று சொல்லியே மறைத்திருப்பார்கள். பிள்ளைகளுக்குக்கூடத் தெரியாது. இந்த ஒரு விஷயத்தில் அந்த மௌனம் ஆபத்தானது.

பரிசோதனையில் ‘பாசிட்டிவ்’ வந்தால் பதற வேண்டாம். நோய் வந்துவிட்டது என்றோ, ஊசியே போட முடியாது என்றோ அதற்கு அர்த்தமில்லை. நோய் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, தடுப்பு மாத்திரைகள் தருவார்கள். மருந்தைப் பொறுத்து 3 முதல் 6 மாதம் வரை சாப்பிட வேண்டியிருக்கும். பெரும்பாலும், மாத்திரை தொடங்கி ஒரு மாதமாவது கழித்து ஊசியை ஆரம்பிப்பார்கள்.

ஊசி தொடங்கிய பிறகும் கவனம் தேவை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைநேரக் காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, இரவில் வியர்ப்பது, கழுத்தில் நெறிகட்டுவது... இவற்றில் எது வந்தாலும் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். இருமல் இல்லாமலும் டி.பி வரலாம். நீங்களாக ஊசியை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்துவதா, தொடர்வதா என்பதை அவர் சொல்லட்டும்.

ஊசிக்கு நாள் குறித்திருக்கிறீர்களா? அதற்கு முன் வீட்டுப் பெரியவர்களிடம் ஒன்றைக் கேட்டுவிடுங்கள். ‘டி.பி’ என்ற வார்த்தையே வேண்டாம். “நம்ம வீட்ல யாராவது ஆறு மாசம் விடாம மாத்திரை சாப்பிட்டாங்களா?” என்று கேட்டாலே போதும்.