எஞ்சிய முக்கால் பங்கு

நுழையும்முன்

பெருந்தொற்றுக் காலத்தில் வகுப்பறை வீட்டுக்குள் வந்தது. கரும்பலகையின் இடத்தைக் கைப்பேசியின் திரை பிடித்தது. அக்காலம் கடந்துவிட்டது; இணையவழிக் கல்வியோ நிலைத்துவிட்டது. அது தரமுடையதாக அமைய வேண்டுவன எவை, வெவ்வேறு இடங்களில் இருந்து பணியாற்றும் ஆசிரியர் குழுவை எவ்வாறு வழிநடத்துவது என்பவற்றை ஆராய்கிறது இக்கட்டுரை.

பணிமனை கற்பிக்கும் முறை

திருச்சிராப்பள்ளியை அடுத்த பொன்மலை, இரயில்வே பணிமனையால் வளர்ந்த ஊர். நாகப்பட்டினத்தில் இருந்த தென்னிந்திய இரயில்வேயின் பணிமனை 1920களின் பிற்பகுதியில் இங்கு மாற்றப்பட்டது. நீலகிரி மலை இரயிலுக்கு நீராவி எஞ்சின்களை உருவாக்கித் தந்த பெருமையும் இதற்கு உண்டு. இத்தகைய பணிமனையில் தொழில் பழகும் இளைஞர், எந்திரத்தின் அமைப்பை முதலில் பயிற்றுநர் சொல்லக் கேட்கின்றனர். பின்னர் உடன் பழகுவோருடன் சேர்ந்து கருவிகளைக் கையாள்கின்றனர். நாள்கள் செல்லச் செல்ல, அடுத்து வருவோருக்குத் தாமே விளக்கிச் சொல்லும் நிலையை எட்டுகின்றனர். கேட்டலில் தொடங்கிய கல்வி, பிறருக்கு உரைத்தலில் முழுமை பெறுகிறது.

இந்நெறியைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே வகுத்துரைத்தவர் பவணந்தி முனிவர். அவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம், ஆசிரியர் உரைத்ததை நன்கு மனங்கொண்டாலும் மாணவர் பெறுவது கால் பங்குப் புலமையே என்கிறது. உடன் பயில்வோருடன் பழகுவதால் மற்றொரு கால் பங்கும், பிறருக்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப் பங்கும் கிட்டும் என்பது அதன் கணக்கு. இணையவழிக் கல்வியின் தரத்தை அளப்பதற்கும் இக்கணக்கு ஏற்ற அளவுகோலாகும். திரையின் வழியே ஆசிரியரின் குரல் சென்றடைவது கால் பங்கு மட்டுமே. எஞ்சிய முக்கால் பங்குக்கு வழிசெய்யாத இணைய வகுப்பு, எத்துணை உயர்ந்த கருவியால் நடத்தப்பட்டாலும் குறையுடையதே.

மூடிய பள்ளிகளும் திறந்த திரைகளும்

2020 மார்ச்சு மாத இறுதியில் நாடு முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. பயணிகள் இரயில்கள் நின்றன, பள்ளிகள் மூடப்பட்டன. உலகெங்கும் 150 கோடிக்கும் மேற்பட்ட மாணவர்களின் கல்வி தடைப்பட்டதாக யுனெஸ்கோ கணக்கிட்டது. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1ஆம் நாளில்தான் பள்ளிகள் மீண்டும் திறக்கப்பட்டன. ஏறத்தாழப் பத்தொன்பது மாதங்கள் அப்பிள்ளைகளுக்கு வகுப்பறை இல்லை. பின்னர் மேல்நிலை வகுப்புகளுக்கு வந்தோர் பலர் அன்று அவ்வகுப்புகளில் இருந்தவர்களே.

அந்நெருக்கடியில், 2019 ஆகஸ்டு 26ஆம் நாள் தொடங்கப்பட்டிருந்த கல்வித் தொலைக்காட்சி கைகொடுத்தது. பாடநூல்களில் முன்னரே அச்சிடப்பட்டிருந்த விரைவுத் துலங்கல் குறியீடுகள் காணொளிப் பாடங்களுக்கு வழிகாட்டின. ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழுக்களை அமைத்துப் பாடக்குறிப்புகளை அனுப்பினர். முன்பின் பழகாத கருவியைச் சில நாள்களில் பழகிக்கொண்டு, சமையலறையிலும் மாடிப்படியிலும் அமர்ந்து பாடம் நடத்தினர்.

ஆயினும், அவர்களது குரல் எல்லா வீடுகளையும் எட்டவில்லை. தேசிய மாதிரி ஆய்வின் 75ஆம் சுற்றின்படி, 2017-18ஆம் ஆண்டில் இந்தியக் குடும்பங்களில் இணைய வசதி பெற்றிருந்தவை ஏறத்தாழ 24 விழுக்காடு மட்டுமே. திறன்பேசி ஒன்றே உள்ள வீட்டில், அதுவும் காலையில் தந்தையுடன் வேலைக்குச் சென்றுவிடும். மாலையில் அது திரும்பும்போது வகுப்பு முடிந்திருக்கும். இரு பிள்ளைகள் உள்ள வீட்டில், அது மூத்தவருக்கா இளையவருக்கா, மகனுக்கா மகளுக்கா என்னும் கேள்வி எழும். இணைய வகுப்பில் சேராத மாணவரை 'வரவில்லை' என்று குறிப்பது எளிது. 'வர இயலவில்லை' என்பதே பெரும்பாலும் உண்மை. இவ்வேறுபாட்டை உணராத இணையவழிக் கல்வி, ஏற்கெனவே பின்தங்கியோரை மேலும் பின்னுக்குத் தள்ளிவிடும்.

வானொலி தந்த பாடம்

ஆசிரியரும் மாணவரும் நேரில் காணாமலே கல்வி நிகழ்வது தமிழகத்துக்குப் புதிதன்று. மதுரைப் பல்கலைக்கழகம் 1971ஆம் ஆண்டிலேயே அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. அதற்கு முன்னரே திருச்சி வானொலி ஒரு பெரும்பணியைச் செய்திருந்தது. 1939இல் தொடங்கப்பட்ட அந்நிலையம், 1960களின் பிற்பகுதியில் ஆடுதுறை 27 என்னும் புதிய நெல்வகையைப் பற்றித் தஞ்சைப் பகுதி உழவர்களுக்கு விரிவாக எடுத்துரைத்தது. அந்நெல் 'ரேடியோ நெல்' என்றே அழைக்கப்படும் அளவுக்கு மக்களிடம் பரவியது.

வானொலிப் பெட்டியால் மட்டும் இவ்வெற்றி விளையவில்லை. வேளாண் அலுவலர்கள் ஊர்களுக்குச் சென்று வழிகாட்டினர். காதால் கேட்டதை உழவர்கள் தம்முள் பேசினர். வயலில் செய்து பார்த்தனர். ஒருவர் வயலில் விளைந்ததை அடுத்தவர் கண்டார். ஒலிபரப்பு கால் பங்கைத் தந்தது. மனிதர்கள் முக்கால் பங்கைச் சேர்த்தனர். தொலைவு கல்விக்குத் தடையன்று, தனிமையே தடை என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

வடிவமைப்பின் கூறுகள்

பெருந்தொற்றின் தொடக்கத்தில் நடைபெற்றவை அவசர ஏற்பாடுகள். வெள்ளம் சூழ்ந்த ஊருக்குப் படகு விடுவதைப் போன்றவை அவை. படகு உயிர் காக்கும். ஆனால் பாலம் கட்டும் பணி அதனால் முடிந்துவிடாது. முக்கால் மணிநேர வகுப்பறை உரையை அப்படியே திரைக்கு மாற்றுவது அவசரத்தில் ஏற்கத்தக்கது. திட்டமிட்ட கல்விக்கு அது போதாது.

முதலாவதாக, பாடம் சிறு அலகுகளாகப் பிரிக்கப்பட வேண்டும். ஹார்வர்டு பல்கலைக்கழகமும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமும் தொடங்கிய எடெக்ஸ் தளத்தில், 69 இலட்சம் காணொளிப் பார்வைகளைக் கொண்டு நிகழ்த்தப்பட்ட ஓர் ஆய்வு 2014இல் வெளியானது. ஆறு நிமிடங்களுக்குள் அமைந்த காணொளிகளையே மாணவர் ஈடுபாட்டுடன் பார்க்கின்றனர் என்று அது காட்டியது. ஒரு கருத்து, ஓர் எடுத்துக்காட்டு, ஒரு வினா என்று அலகு அமைவது நன்று. திரைமுன் அமரும் நேரத்துக்கும் எல்லை வேண்டும். 2020 ஜூலையில் நடுவண் அரசு வெளியிட்ட வழிகாட்டுதல், ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை நாளொன்றுக்கு 30 முதல் 45 நிமிட அளவிலான நான்கு வகுப்புகளுக்கு மேல் கூடாது என்றது.

இரண்டாவதாக, ஒரே பாடம் பல வழிகளில் சென்றடைய வேண்டும். இணையம் உள்ளவருக்குக் காணொளி, தொலைக்காட்சி மட்டும் உள்ளவருக்கு ஒளிபரப்பு, இரண்டும் இல்லாதவருக்கு அச்சிட்ட பயிற்சித்தாளும் ஆசிரியரின் தொலைபேசி அழைப்பும் எனத் திட்டம் அமைய வேண்டும். பாடத்தைத் திட்டமிடுவோர் விரைவு இணையம் உள்ள மாணவரை மனத்திற்கொண்டு தொடங்குவது வழக்கம். மாறாக, அலைபேசிச் சமிக்ஞை எட்டாத வீட்டின் மாணவரிலிருந்து தொடங்கினால் எவரும் விடுபடார்.

மூன்றாவதாக, நன்னூல் கூறும் உடன்பயில்வோரின் பங்குக்கு இடம் வேண்டும். நான்கைந்து மாணவரைக் கொண்ட சிறு குழுக்கள் ஒரு வினாவைக் கலந்து பேசி விடை காணலாம். இணைய வசதி அற்ற மாணவர் அருகில் வாழும் குழுவினருடன் இணைக்கப்படலாம். நான்காவதாக, மாணவர் தாம் கற்றதைப் பிறருக்கு உரைக்க வேண்டும். இரண்டு நிமிடக் குரல்பதிவாக அதை அனுப்பலாம். வீட்டிலுள்ள தம்பிக்கோ பாட்டிக்கோ விளக்கலாம். பல தேர்வுகள் காட்டாத ஐயங்களை அவ்விரண்டு நிமிட உரை காட்டிவிடும்.

தொலைவிலிருந்து தலைமை

மாணவர் மட்டுமல்லர், ஆசிரியரும் அன்று தத்தம் வீடுகளில் தனித்திருந்தனர். ஆசிரியர் அறையில் ஐந்து நிமிடத்தில் முடிந்த பேச்சு, நூறு குறுஞ்செய்திகளாக நீண்டது. இத்தகைய சூழலில் தலைமையாசிரியரின் பணி முற்றிலும் வேறானது.

எவர் எப்போது இணையத்தில் இருந்தார் என்று கண்காணிப்பதைத் தலைமை எனக் கொள்வோர் உண்டு. அது தவறான நெறி. ஒரு செயலுக்குத் தக்கவரை ஆராய்ந்து தேர்ந்து, அவரை நம்பி அச்செயலை அவரிடமே ஒப்படைக்க வேண்டும் என்பது திருக்குறளின் 'தெரிந்துவினையாடல்' அதிகாரம் காட்டும் நெறி. தொழில்நுட்பம் அறிந்த இளம் ஆசிரியர் காணொளி உருவாக்கலாம். பாடத்தில் தோய்ந்த மூத்த ஆசிரியர் அதன் உள்ளடக்கத்தைச் செப்பம் செய்யலாம். ஊராரை நன்கறிந்த ஆசிரியர் தொடர்பில் இல்லாத மாணவரைத் தேடலாம். பணிமனையில் வெவ்வேறு பிரிவுகளில் உருவாகும் உறுப்புகள் ஒரே வரைபடத்தின்படி செய்யப்படுவதாலேயே எஞ்சினாக இணைகின்றன. அவ்வாறே, குழுவினர் அனைவர் கையிலும் தெளிவான பொதுத்திட்டம் எழுத்து வடிவில் இருத்தல் வேண்டும்.

வாரந்தோறும் குழு கூடும்போது முதலில் கேட்கப்பட வேண்டிய வினா, எத்தனை பாடங்கள் முடிந்தன என்பதன்று. இந்த வாரம் எந்த மாணவரின் குரலைக் கேட்கவில்லை என்பதே அது. அப்பெயர்கள் ஒவ்வொன்றும் ஓர் ஆசிரியரின் பொறுப்பில் தரப்பட வேண்டும். நோயுற்ற குடும்பத்தினரைப் பேணியபடி பாடம் நடத்தும் ஆசிரியரின் சுமையைப் பகிர்வதும் தலைமையின் கடமையே.

திரை எட்டாத இடம்

இணையவழிக் கல்வி பள்ளிக்கு மாற்றாகிவிடும் என்பது ஒரு சாரார் கருத்து. அது முற்றிலும் பயனற்றது என்பது மறுசாரார் கருத்து. இரண்டும் உண்மைக்கு அப்பாற்பட்டவை. கடைசல் எந்திரத்தில் இரும்பு சீராகத் தேய்கிறதா என்பதைக் கையும் காதும் உணர வேண்டும். ஆய்வகத்தில் வேதிப்பொருளின் நிறமாற்றத்தைக் கண்ணெதிரே காண வேண்டும். சத்துணவையும் தோழமையையும் விளையாட்டையும் எந்தத் திரையும் தர இயலாது. அதே வேளையில், சிற்றூர் மாணவர் ஒருவர் பெருநிறுவனப் பேராசிரியரின் விரிவுரையைக் கட்டணமின்றிக் கேட்கும் வாய்ப்பை இணையமே தருகிறது. ஆகவே, பள்ளியைத் துணைசெய்யும் கருவியாக அதனை வடிவமைப்பதே அறிவுடைமை.

பெருந்தொற்றால் நேர்ந்த கற்றல் இழப்பை ஈடுசெய்யத் தமிழ்நாடு அரசு 2021 அக்டோபரில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' இவ்வுண்மைக்குச் சான்றாகும். மாலை வேளையில் வீதியிலும் திண்ணையிலும் சிறு குழுக்களாகப் பிள்ளைகள் அமர்ந்தனர். கற்பித்தவர்கள் அதே ஊரின் தன்னார்வலர்கள். தொடக்க வகுப்புகளுக்குக் கற்பிக்கப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தாலே போதும் என்று அறிவிக்கப்பட்டது. தாம் கற்றதை அவர்கள் பிறருக்கு உரைத்தனர்; உரைத்ததால் தாமும் கற்றனர். நன்னூல் கூறும் அந்த அரைப் பங்கு திண்ணைகளில் நிறைவேறியது.

நாளை வேறொரு பேரிடர் பள்ளியின் கதவுகளை மீண்டும் மூடக்கூடும். அப்போது கருவிகள் இன்றுள்ளவற்றைவிட மேம்பட்டிருக்கும். எனினும், அக்கல்வியின் தரம் கருவியைப் பொறுத்து அமையாது. திரையில் தோன்றாத முகத்தைத் தேடிச் செல்லும் ஆசிரியரும், தான் கற்றதை அடுத்த வீட்டுப் பிள்ளைக்குச் சொல்லித்தரும் மாணவரும் எத்தனை பேர் என்பதைப் பொறுத்தே அது அமையும்.