வளைவு நல்லது, வலைதான் வம்பு



பதிவு கொஞ்சம் நீளம். வீடு கட்டப்போகிறவர்கள் கடைசிவரை படியுங்கள். மற்றவர்கள், கட்டப்போகிறவர்களுக்கு அனுப்பிவையுங்கள்.

போன வாரம் தங்கச்சிமடத்திலிருந்து என் பழைய மாணவன் ஒருவன் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பினான். கவிழ்த்து வைத்த சிரட்டை மாதிரி வெள்ளை வெளேரென்று வரிசையாக வீடுகள். தூண் இல்லை, உத்தரம் இல்லை. இரண்டு அங்குலக் கனத்தில் கான்கிரீட் ஓடு, அதற்குள்ளே கோழிவலை. அவ்வளவுதான் வீடு. "சார், புயலுக்கு அசையாதாம். செலவும் கம்மியாம். படகு வித்த காசு கையில இருக்கு. நம்ம இடத்துல இப்படிக் கட்டலாமா? நீங்க சொன்னா கட்டுறேன்" என்று ஒரு குரல்பதிவு.

நான் பிசிக்ஸ் வாத்தியார், இன்ஜினியர் இல்லை. ஆனால் ஒருவன் தன் படகை விற்ற காசை வைத்துக்கொண்டு "நீங்க சொன்னா" என்று கேட்கும்போது வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட முடியாது. புத்தகங்களைப் புரட்டினேன். இன்ஜினியராக இருக்கும் நம் மாணவர்கள் இரண்டு பேரிடம் பேசினேன். அவனுக்குச் சொன்ன பதில் இதுதான்: அந்த வளைவு நல்லது. ஆனால் நம் கடற்கரையில் அந்த வலை வேண்டாம்.

முதலில் வளைவைச் சொல்கிறேன். வகுப்பில் கரும்பலகைக்கு மேலே இரண்டு ஆணியில் சைக்கிள் செயினைத் தொங்கவிட்டுக் காட்டுவேனே, ஞாபகம் இருக்கிறதா? தொங்கும் செயினில் இழுவிசை மட்டும்தான் உண்டு. அதே வடிவத்தைத் தலைகீழாக்கிக் கல்லில் கட்டினால் அமுக்குவிசை மட்டும்தான் இருக்கும். இதை ராபர்ட் ஹூக் 1675-லேயே சொல்லிவிட்டார். கான்கிரீட் அமுக்கினால் தாங்கும், இழுத்தால் விரிசல் விடும். தட்டையான தளத்தில் பாரம் ஏறினால் அடிப்பக்கம் இழுபடுகிறது. அதற்காகத்தான் அடியில் கம்பி கட்டுகிறோம். சரியாக வளைத்துவிட்டால் அந்த இழுவை பெரும்பாலும் இல்லாமல் போகிறது. கனமும் குறைகிறது, கம்பியும் குறைகிறது. மெக்சிகோவில் ஃபெலிக்ஸ் காண்டெலா என்பவர் 1958-ல் ஒரு பெரிய உணவகத்துக்கு வெறும் 4 சென்டிமீட்டர் கனத்தில் கூரை போட்டார்.

இது வெளிநாட்டுக்காரர் மட்டும் செய்த வித்தை இல்லை. ஜி.எஸ்.ராமசாமி என்ற பொறியாளர் 1950-களின் பிற்பகுதியில் ரூர்க்கியின் மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையத்தில் இதை ஏழை வீட்டுக்குக் கொண்டுவர ஒரு வழி கண்டார். ஒரு மரச்சட்டத்தில் துணியைக் கட்டி, அதன்மேல் கான்கிரீட்டைப் பரப்பினார். துணி தன் போக்கில் தொய்ந்து குழிந்தது. இறுகியதும் எடுத்துக் கவிழ்த்தால் அதுதான் ஓடு. என் சைக்கிள் செயின் பாடமேதான், கான்கிரீட்டில். நடு ஓட்டில் கம்பிக்கு அநேகமாக வேலையே இல்லை, ஓரச் சட்டங்களுக்கு மட்டும் போதும். இந்த மாதிரி முன்வார்ப்பு ஓடுகளால் தளம் போடுவதற்கு ஐ.எஸ். 6332 என்று இந்தியத் தர விதியே இருக்கிறது. நம் ஊரில் எத்தனை கொத்தனாருக்குத் தெரியும்?

காற்றுக்கும் வளைவு நல்லது. தகரக் கூரையின் விளிம்பில் காற்று கை நுழைத்துத் தூக்கிவிடும். ஓட்டு வீட்டில் பிடிக்க விளிம்பு கிடையாது. 1964 டிசம்பர் 22 ராத்திரியைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். இன்று தனுஷ்கோடிக்குப் போனாலும் தேவாலயத்தின் சுவர்கள் நிற்கின்றன, மேலே கூரை இல்லை. கடலே ஏறி வந்துவிட்டால் எந்தக் கூரையும் உதவாது, அது வேறு விஷயம். காற்றுக்கு மட்டும் என்றால் வளைவுக்கு நூற்றுக்கு நூறு போடுவேன்.

இனி வலை. இங்கே என் வீட்டுக் கதையைச் சொல்லித்தான் ஆகவேண்டும். நீங்கள் டியூஷன் படித்த அந்த முன்ஹால், 1993-ல் மண்டபத்தில் நான் கட்டியது. லாரித் தண்ணீர் வாங்கக் காசைப் பார்த்து, வீட்டுக் கிணற்று உப்புத் தண்ணீரிலேயே கலவை போடச் சொன்னேன். கொத்தனார் வேண்டாம் என்றுதான் சொன்னார். நான்தான் கேட்கவில்லை. 2011-ல் ஒரு சாயங்காலம், பிள்ளைகள் வருவதற்குக் கால்மணி நேரம் முன்னால், கூரையிலிருந்து பலகை அகலத்துக்குக் கான்கிரீட் பெயர்ந்து பெஞ்சின் மேல் விழுந்தது. அண்ணாந்து பார்த்தேன். கம்பி அப்பளமாக உரிந்து தொங்கியது. கையால் தொட்டால் உதிர்ந்தது. அன்றைக்கு அந்த பெஞ்சில் யார் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அந்தப் பெண் இன்று இந்தப் பதிவைப் படித்துக்கொண்டிருப்பாள்.

நல்ல கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. உப்பு உள்ளே போய்ச் சேர்ந்தால் அந்தக் காப்பு உடைகிறது. துரு, இரும்பைவிடப் பலமடங்கு இடம் கேட்கும். உள்ளிருந்து பிளந்து காரையைத் தள்ளிவிடும்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. 12 மி.மீ. கம்பியைச் சுற்றிலும் 0.2 மி.மீ. துரு தின்றுவிட்டது என்று வைப்போம். குறுக்குப் பரப்பில் 93 சதவீதம் மிஞ்சும். அதே 0.2 மி.மீ. ஒரு 1 மி.மீ. வலைக்கம்பியில் தின்றால்? விட்டம் 0.6 ஆகிறது. மிஞ்சுவது 36 சதவீதம். என் முன்ஹால் கம்பிக்கு 18 வருஷம் பிடித்தது. கோழிவலைக்கு எத்தனை வருஷம் என்று நீங்களே யோசியுங்கள்.

இன்னொன்று. கடற்காற்று நேரடியாகப் படும் கான்கிரீட்டில் கம்பிக்கு வெளியே 45 மி.மீ. மூடல் வேண்டும், கலவை எம்30 தரம் வேண்டும் என்கிறது ஐ.எஸ். 456. இரண்டு அங்குல ஓடு என்றால் மொத்தக் கனமே 50 மி.மீ. நட்டநடுவில் வலையை வைத்தாலும் ஒரு பக்கம் 25 மி.மீ. கூட வராது. கணக்கு இடிக்கிறது.

அந்த வீடியோவில் இருப்பது போன்ற சிரட்டை வடிவ வீடுகள் உள்ள ஊர்தான் இந்தோனேசியாவின் நியூ ஙெலெபென் கிராமம். யோக்யகர்த்தா பக்கத்தில் 2006 மே மாத நிலநடுக்கத்தில் வீடு இழந்தவர்களுக்காகக் கட்டியது. நல்ல வேலைதான். ஆனால் அந்த ஊர் கடலோரத்தில் இல்லை. அவர்களுக்குப் பகை பூமி அதிர்ச்சி. நமக்குப் பகை உப்பு. இங்கே இரும்பு எவ்வளவு சீக்கிரம் அரிக்கிறது என்று பார்க்கக் காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் நம் மண்டபத்தில்தான் சோதனைத் தளம் வைத்திருக்கிறது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி போட்டார்கள், விசேஷப் பெயின்ட் அடித்தார்கள். ரயிலுக்கு அவ்வளவு கவனம் வேண்டும் என்றால், பிள்ளைகள் படுத்துறங்கும் வீட்டுக்கு வேண்டாமா?

சரி, என்னதான் செய்வது? என் தம்பிக்கு மூன்று விஷயம் சொன்னேன்.

ஒன்று, வலையை நம்பி நிற்கும் மெல்லிய ஓடு நம் தீவில் வேண்டாம். துருப்பிடிக்காத எஃகிலோ கண்ணாடி நார்க் கம்பியிலோ செய்வதென்றால், கணக்குப் போட்டுக் கையெழுத்திட ஓர் இன்ஜினியர் வேண்டும். யூடியூப் கையெழுத்துப் போடாது.

இரண்டு, வளைவு வேண்டுமென்றால் கம்பியை நம்பாத வளைவாகக் கட்டு. ஆரோவில் மண் கட்டுமான நிலையத்தார் அழுத்திய மண்கல்லில் வளைவுக்கூரை போடுகிறார்கள். பக்கவாட்டில் தள்ளும் விசையைச் சுவர் தாங்கவேண்டும், அதற்கும் கணக்கு உண்டு. இல்லையென்றால் ராமசாமி வழி. கீழிருந்து பார்த்தால் கிண்ணம் கிண்ணமாக இருக்கும், மேலே நிரப்பிச் சமமாக்கினால் மொட்டைமாடி கிடைக்கும். கருவாடு காயப்போடலாம், சித்திரையில் படுக்கலாம், நாளைக்கு மகனுக்கு ஒரு மாடி எடுக்க வேண்டுமென்றால் அதை இன்ஜினியரிடம் முதலிலேயே சொல்லிவிடலாம். சிரட்டை வீட்டின்மேல் அதெல்லாம் நடக்காது. உத்தரங்களில் கம்பி இருக்கும், அங்கே அந்த 45 மி.மீ. மூடலை விட்டுக்கொடுக்காதே.

மூன்று, எந்த வீடானாலும் நல்ல தண்ணீர், கழுவிய மணல், கவர் பிளாக், ஒழுங்கான நீராற்றல். லாரித் தண்ணீருக்கு அன்று நான் மிச்சம் பிடித்த காசைப்போலப் பலமடங்கு பின்னால் கூரைக்குக் கொடுத்தேன்.

அரசாங்கத்துக்கும் ஒரு வார்த்தை. குடிசைகளைக் கான்கிரீட் வீடாக்கும் திட்டங்கள் வருகின்றன, சந்தோஷம். ஆனால் சேலத்துக்கும் பாம்பனுக்கும் ஒரே தட்டைத் தளம் எதற்கு? தரமணியில் கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையம் இருக்கிறது, காரைக்குடியில் அரிமானம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். இரண்டு பேரும் சேர்ந்து மண்டபத்தில் நாலு மாதிரி வீடு கட்டி, மீனவக் குடும்பங்களைக் குடிவைத்து, பத்து வருஷம் பார்த்துச் சொல்லட்டும். நம் கொத்தனார்களுக்கு அந்த ஓடு வார்க்கும் பயிற்சியும் கொடுக்கட்டும். ஏழை தன் ஒரே சேமிப்பில் பரிசோதனை செய்யக்கூடாது. அதைச் செய்யவேண்டியது அரசு.

தம்பி கேட்டுவிட்டு, "அப்ப அவசரப்பட வேணாம் சார், இன்ஜினியரைப் பாத்துட்டு வர்றேன்" என்றான். எனக்கு அது போதும்.

கடற்கரையில் இருக்கும் நீங்கள் எல்லோரும் இன்றைக்கே ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு குச்சியால் உங்கள் வீட்டுக் கூரையின் அடிப்பக்கத்தைத் தட்டிப் பாருங்கள். கல்லென்று கேட்டால் நல்லது. டொம்மென்று ஓட்டைச் சத்தம் கேட்டால், அதற்கு நேர்கீழே கிடக்கும் கட்டிலை முதலில் நகர்த்துங்கள். அப்புறம் ஆளைக் கூப்பிடுங்கள்.

என்ன சத்தம் கேட்டது என்று கீழே எழுதுங்கள். தப்பாகச் சொல்லியிருந்தால் இன்ஜினியர் மாணவர்கள் திருத்துங்கள். வாத்தியாரைத் திருத்தும் வாய்ப்பு அடிக்கடி கிடைக்காது.

அன்புடன்,
உங்கள் பிசிக்ஸ் சார்