இரண்டாவது மருத்துவரின் கருத்து யாருக்குக் கிடைக்கிறது?

மகாராஷ்டிர மாநிலத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டச் செல்லும் பெண்களிடையே கருப்பை அகற்றப்பட்டவர்களின் எண்ணிக்கை அளவுக்கு மீறி இருப்பது 2019ஆம் ஆண்டில் நாடு முழுவதும் பேசுபொருளாயிற்று. மாநில அரசு நீலம் கோர்ஹே தலைமையில் விசாரணைக் குழுவை அமைத்தது. 82,309 பெண் தொழிலாளர்களிடம் ஆய்வு நடத்தப்பட்டது. அவர்களில் 13,861 பேருக்குக் கருப்பை அகற்றப்பட்டிருந்தது. அதாவது, ஏறத்தாழ ஆறு பெண்களில் ஒருவர். 2015-16இல் நடைபெற்ற நான்காவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் இந்த அறுவைக்கு உள்ளானவர்கள் 3.2 விழுக்காட்டினர் மட்டுமே.

இந்தப் பெண்கள் மருத்துவரிடம் சென்றது பெரும்பாலும் புற்றுநோய்க்காக அல்ல. அடிவயிற்றில் ஓயாத வலி, வெள்ளைப்படுதல், ஒழுங்கற்ற உதிரப்போக்கு ஆகியவையே அவர்களின் முறையீடுகள். இவற்றுக்குக் காரணம் என்ன என்று கண்டறியப்படுவதற்கு முன்பே தீர்வு சொல்லப்பட்டுவிட்டது. பிள்ளைகள் பிறந்துவிட்டார்கள், இனி இந்தப் பை எதற்கு, வைத்திருந்தால் புற்றாக மாறும் என்ற அச்சுறுத்தல் போதுமானதாக இருந்தது. கருப்பையை மராத்தியிலும் பேச்சுவழக்கில் ‘பை’ என்றே சொல்கிறார்கள். பயன் முடிந்தால் தூக்கி எறியத்தக்க பொருள் என்ற எண்ணத்தை அந்தச் சொல்லைக் கொண்டே ஊட்டிவிட முடிந்தது.

அந்த நேரத்தில் வேறொரு மருத்துவர், காசு வாங்காமல், அறுவை செய்வதில் ஆதாயம் எதுவும் இல்லாமல், அந்தப் பெண்ணைப் பரிசோதித்துத் தமது கருத்தைச் சொல்லியிருந்தால் எத்தனை அறுவைகள் தவிர்க்கப்பட்டிருக்கும்? இரண்டாவது மருத்துவரின் கருத்தைப் பெறுவது என்பது நகர்ப்புற நடுத்தர வர்க்கத்தின் முன்னெச்சரிக்கைப் பழக்கம் என்றே இதுவரை கருதப்பட்டு வந்துள்ளது. உண்மையில் அது உழைக்கும் பெண்களின் உடல்மீதான உரிமைப் பிரச்சனை ஆகும்.

வலிக்குக் காரணம் பல

ஆறு மாதங்களுக்கும் மேலாகத் தொடரும் இடுப்புக்குழி வலியை மருத்துவம் நாள்பட்ட வலி என்று வகைப்படுத்துகிறது. அதன் ஊற்றுக்கண் கருப்பையாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கருக்குழாய்களிலும் அதைச் சுற்றியும் ஏற்படும் தொற்று, சிறுநீர்ப்பை அழற்சி, குடல் கோளாறு, இடுப்புத்தளத் தசைகளின் இறுக்கம், நரம்புப் பாதிப்பு, முந்தைய அறுவைகளின் தழும்பு ஒட்டுதல் என்று பட்டியல் நீள்கிறது. இந்தியாவில் பிறப்புறுப்புக் காசநோயையும் இதில் சேர்த்துப் பார்க்க வேண்டும். இவற்றில் பலவற்றுக்கு மருந்தும் பயிற்சியுமே சிகிச்சை. குடலிலிருந்தோ சிறுநீர்ப்பையிலிருந்தோ எழும் வலி, கருப்பையை எடுத்த பின்னும் தொடரும்.

எண்டோமெட்ரியோசிஸ் என்ற நோய் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. கருப்பையின் உட்சுவரை ஒத்த திசு கருப்பைக்கு வெளியே வளர்வதால் ஏற்படும் நோய் இது. இனப்பெருக்க வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ 10 விழுக்காட்டினரை, உலக அளவில் 19 கோடிப் பேரை இது பாதிப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. மேலோட்டமாகப் படர்ந்துள்ள திசு வழக்கமான ஸ்கேன் பரிசோதனையில் தெரிவதில்லை. ஆகவே ‘ஸ்கேன் சரியாக இருக்கிறது, எல்லாம் மனப்பிரமை’ என்று ஒரு மருத்துவர் திருப்பி அனுப்புகிறார். மற்றொருவர் கருப்பையை எடுத்துவிடலாம் என்கிறார். அலட்சியம், அவசர அறுவை என்ற இந்த இரண்டும் எதிரெதிரானவையாகத் தோன்றினாலும் வேர் ஒன்றுதான். அந்தப் பெண் சொல்வதைக் கேட்க நேரம் ஒதுக்கப்படவில்லை. வலியின் காரணம் தேடப்படவில்லை.

அகற்றிய பின் வரும் விளைவுகளும் இலேசானவை அல்ல. சினைப்பைகளையும் சேர்த்து எடுத்துவிட்டால் முப்பது வயதுப் பெண்ணுக்கு ஒரே நாளில் மாதவிடாய் நின்ற நிலை வந்துவிடுகிறது. எலும்புகள் வலுவிழக்கின்றன. இதய நோய்க்கான வாய்ப்பு கூடுகிறது. சினைப்பைகளை விட்டுவைத்தாலும் அவை முன்கூட்டியே செயலிழக்கும் வாய்ப்பு உண்டு. உடல் உழைப்பை மட்டுமே நம்பி வாழும் பெண்ணுக்கு எலும்பின் வலிமை என்பது நாளைய கூலி.

கூலிமுறையும் கத்தியும்

பீட் மாவட்டப் பெண்கள் ஏன் ஒப்புக்கொண்டார்கள் என்ற கேள்வி அடிக்கடி எழுப்பப்படுகிறது. விடை கரும்புக் காட்டில் இருக்கிறது. அங்கு கணவனும் மனைவியும் சேர்ந்து ‘கொய்தா’ என்ற ஒரே அலகாக அமர்த்தப்படுகிறார்கள். முகாதம் எனப்படும் ஒப்பந்தக்காரரிடம் பருவம் தொடங்கும் முன்பே முன்பணம் பெற்றுவிடுகிறார்கள். அந்தக் கடனை அறுவடையில் கழிக்க வேண்டும். ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் கூலி போவதோடு அபராதமும் விதிக்கப்படுகிறது. கழிப்பறையோ, குளிக்க மறைவிடமோ, போதிய நீரோ இல்லாத கூடாரங்களில் ஐந்தாறு மாதங்கள் வாழ்க்கை. தொற்று வருவதற்கான எல்லாச் சூழலும் அங்கே உண்டு. அதைக் குணப்படுத்திக்கொள்ள ஒரு நாள் ஓய்வெடுக்கத்தான் வழியில்லை.

இப்படிப்பட்ட நிலையில், ‘ஒரே தடவையாக எடுத்துவிடுங்கள்’ என்று அந்தப் பெண்ணே கேட்பதை அவளுடைய சுதந்திரமான தேர்வு என்று சொல்வது போலித்தனம். மாதத்தில் இரண்டு நாள் ஓய்வுக்குக் கூலி கிடைக்கும் என்ற நிலை இருந்தால் அவள் வேறு முடிவை எடுத்திருப்பாள். சர்க்கரை ஆலை முதலாளிகள் அந்தத் தொழிலாளிகளைத் தங்கள் தொழிலாளிகளாகவே ஏற்பதில்லை. ஒப்பந்தக்காரரைக் காட்டிப் பொறுப்பைத் தட்டிக்கழிக்கிறார்கள். லாபம் ஆலைக்கும், அறுவைக் கட்டணம் தனியார் மருத்துவமனைக்கும், அதற்கான கடன் அந்தக் குடும்பத்திற்கும் போய்ச் சேர்கின்றன.

இது பீட் மாவட்டத்தோடு முடிந்துவிடும் கதை அல்ல. நான்காவது குடும்பநல ஆய்வில் ஆந்திரத்தில் 8.9 விழுக்காடு, தெலங்கானாவில் 7.7, பீகாரில் 5.4 என்ற அளவில் கருப்பை அகற்றம் பதிவாகியுள்ளது. நாட்டளவில் இவற்றில் மூன்றில் இரண்டு பங்கு தனியார் மருத்துவமனைகளில் நடந்தவை. 2008இல் தொடங்கப்பட்ட ராஷ்ட்ரிய ஸ்வஸ்த்ய பீமா யோஜனா திட்டத்தில், ஏழைக் குடும்பம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரை காப்பீடு வழங்கப்பட்டது. பீகாரிலும் சத்தீஸ்கரிலும் அந்தக் காப்பீட்டுப் பணத்தைக் குறிவைத்து இளம் பெண்களின் கருப்பைகள் அகற்றப்பட்டதாகக் குற்றச்சாட்டுகள் எழுந்தன. காரணத்தைத் தேடிக் கண்டறியும் உரையாடலுக்குக் காப்பீட்டில் தொகை இல்லை, அறுவைக்கு உண்டு. எதற்குப் பணம் கிடைக்கிறதோ அதுவே சிகிச்சையாகிவிடுகிறது.

ஏட்டில் உள்ள உரிமை

சட்டமும் நெறிமுறையும் இல்லை என்று சொல்ல முடியாது. தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் தயாரித்த நோயாளர் உரிமைச் சாசனத்தில் வேறொரு மருத்துவரின் கருத்தைப் பெறும் உரிமை தெளிவாக இடம்பெற்றுள்ளது. நோயாளி கேட்டால் 72 மணி நேரத்திற்குள் மருத்துவப் பதிவேடுகளைத் தர வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகள் கூறுகின்றன. நோயாளியை அனுப்பியதற்குத் தரகுப்பணம் வாங்குவதையும் கொடுப்பதையும் அதே விதிகள் தடை செய்கின்றன.

உச்சநீதிமன்றம் 2008 ஜனவரியில் வழங்கிய தீர்ப்பு ஒன்றும் இங்கு நினைவுகூரத்தக்கது. நோயைக் கண்டறிவதற்கான லேப்ராஸ்கோப்பி பரிசோதனைக்கு மட்டும் ஒப்புதல் அளித்திருந்த 44 வயதுப் பெண்ணுக்கு, அவர் மயக்கத்தில் இருந்தபோது தாயிடம் ஒப்புதல் பெற்றுக் கருப்பையும் சினைப்பைகளும் அகற்றப்பட்டன. சுயநினைவு திரும்பக்கூடிய வயதுவந்த பெண்ணின் சார்பில், உயிராபத்து இல்லாத நிலையில், வேறொருவர் ஒப்புதல் தர முடியாது என்று நீதிமன்றம் கூறியது. மாற்றுச் சிகிச்சைகள் யாவை என்று தெரிவிக்காமல் பெறும் ஒப்புதல் செல்லாது என்பதும் அத்தீர்ப்பின் சாரம்.

மருத்துவர் நரேந்திர குப்தா தொடுத்த பொதுநல வழக்கில் 2023 ஏப்ரல் 5 அன்று உச்சநீதிமன்றம் மற்றொரு முக்கியத் தீர்ப்பை அளித்தது. தேவையற்ற கருப்பை அகற்றலைத் தடுக்க ஒன்றிய சுகாதார அமைச்சகம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளை மூன்று மாதங்களுக்குள் எல்லா மாநிலங்களும் ஏற்க வேண்டும் என்பது அதன் உத்தரவு. தேசிய, மாநில, மாவட்ட அளவில் கண்காணிப்புக் குழுக்கள் அமைப்பதை அந்த நெறிகள் வலியுறுத்துகின்றன.

ஆனால் உரிமையைப் பயன்படுத்துவதற்கு ஒரு பெண்ணுக்கு என்ன வேண்டும்? முதல் மருத்துவரின் ஆவணங்கள் அவள் கையில் இருக்க வேண்டும். பேருந்துக் கட்டணம் வேண்டும். ஒரு நாள் கூலியை இழக்கும் திராணி வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சென்று பார்க்க இன்னொரு மருத்துவர் இருக்க வேண்டும். 2022 மார்ச் நிலவரப்படி, நாட்டின் ஊரகச் சமுதாய சுகாதார நிலையங்களில் மகப்பேறு மற்றும் மகளிர் நல நிபுணர்களின் பற்றாக்குறை தேவையோடு ஒப்பிடும்போது 74.2 விழுக்காடு என்று ஒன்றிய அரசின் ஊரக சுகாதாரப் புள்ளிவிவரமே ஒப்புக்கொள்கிறது. முதல் கருத்தே தனியாரிடம் விலைக்கு வாங்க வேண்டிய நிலையில் இரண்டாவது கருத்து எங்கிருந்து வரும்? அந்தத் தனியார் மருத்துவர் கைகாட்டும் இன்னொரு தனியாரிடம் செல்வது இரண்டாவது கருத்து ஆகாது. தரகுப்பணத்தால் பிணைக்கப்பட்ட சங்கிலியில் இரண்டு கண்ணிகள் ஒன்றையே சொல்லும். மகாராஷ்டிர அரசு இந்தத் தரகு முறைக்கு எதிராக 2017இல் சட்ட வரைவு ஒன்றைத் தயாரித்தது. அது சட்டமாகவில்லை.

அனுமதி வேறு, கருத்து வேறு

2019க்குப் பின் பீட் மாவட்டத்தில், தனியார் மருத்துவமனைகள் கருப்பை அகற்றலுக்கு மாவட்ட அரசு மருத்துவ அதிகாரியின் முன் அனுமதியைப் பெற வேண்டும் என்று விதிக்கப்பட்டது. கொள்ளையைத் தடுக்க இது தேவையான நடவடிக்கையே. எனினும் இதன் எல்லையை உணர வேண்டும். அனுமதி என்பது கோப்பில் இடப்படும் கையொப்பம். இரண்டாவது கருத்து என்பது அந்தப் பெண்ணிடம் பேசி, பரிசோதித்து, அவளுக்குப் புரியும் மொழியில் காரணத்தையும் மாற்று வழிகளையும் விளக்குவது. முன்னது எண்ணிக்கையைக் குறைக்கும். பின்னது வலியைக் குறைக்கும். அறுவைக்கு அனுமதி மறுக்கப்பட்ட பெண் அதே வலியோடு அதே கரும்புக் காட்டுக்குத் திரும்பினால் அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. புற்றுநோய்க்கும், மருந்துக்குக் கட்டுப்படாத உதிரப்போக்குக்கும் கருப்பை அகற்றம் உயிர்காக்கும் சிகிச்சை. அத்தகைய பெண்களைக் கையொப்பத்துக்காக மாவட்டத் தலைநகருக்கு அலைக்கழிப்பதும் அநீதியே.

தொலைமருத்துவ ஆலோசனையைக் காட்டி இந்தக் குறையை மறைக்கவும் முயற்சி நடக்கிறது. ஆவணங்களைப் பார்த்து ஆலோசனை சொல்ல அது உதவும். அடிவயிற்றைக் கையால் பரிசோதிக்கவும், கருப்பைவாய்ப் பரிசோதனை செய்யவும் செல்பேசித் திரையால் இயலாது.

ஆகவே கோரிக்கைகள் திட்டவட்டமானவை. ஒவ்வொரு சமுதாய சுகாதார நிலையத்திலும் மகளிர் நல நிபுணரை நிரந்தரப் பணியில் அமர்த்த வேண்டும். அவசரமில்லாத எந்தக் கருப்பை அறுவைக்கும் முன்பாக, அரசு மருத்துவமனையில் கட்டணமின்றி இரண்டாவது கருத்தைப் பெறும் வசதி வாரந்தோறும் குறிப்பிட்ட நாளில் இருக்க வேண்டும். போக்குவரத்துச் செலவையும் அன்றைய கூலியையும் அரசும், ஆலை நிர்வாகமும் ஏற்க வேண்டும். பரிசோதனை ஆவணங்களின் படிகள் கேட்காமலேயே தரப்பட வேண்டும். அறுவடைக் காலத்தில் முகாம்களுக்கே மருத்துவக் குழுக்கள் செல்ல வேண்டும். மாதவிடாய்க் கால ஓய்வுக்கு அபராதம் விதிக்கும் ஒப்பந்தக்காரர்கள்மீது நடவடிக்கை எடுக்கப்பட வேண்டும்.

இதற்குப் பணம் இல்லை என்ற வாதம் ஏற்கத்தக்கதல்ல. 2025க்குள் அரசின் சுகாதாரச் செலவை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 விழுக்காடாக உயர்த்துவதாக மோடி அரசே 2017ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கையில் வாக்களித்தது. 2021-22இல், பெருந்தொற்றுக் காலத்துச் செலவையும் சேர்த்தே, அது 1.84 விழுக்காடாகத்தான் இருந்தது. அரசின் பணத்தைக் காப்பீடு என்ற பெயரில் தனியார் அறுவை அரங்குகளுக்குத் திருப்பிவிடுவதற்கு மாறாக, அரசு மருத்துவமனைகளை வலுப்படுத்தினால் இக்கோரிக்கைகளை நிறைவேற்ற முடியும்.

மாதர் அமைப்புகளும் தொழிற்சங்கங்களும் உடனடியாகச் செய்யக்கூடிய பணியும் உண்டு. தங்கள் மாவட்டத்தில் கருப்பை அகற்றல் கண்காணிப்புக் குழு அமைக்கப்பட்டுள்ளதா, எத்தனை முறை கூடியது, எத்தனை அறுவைகளைத் தணிக்கை செய்தது என்று தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்க வேண்டும். கூலி உயர்வுக்கான பேச்சுவார்த்தைக் கோரிக்கைப் பட்டியலில் மருத்துவ விடுப்பும், இரண்டாவது கருத்துக்கான ஏற்பாடும் இடம்பெற வேண்டும். வலியோடு வரும் பெண்ணுடன் இரண்டாவது மருத்துவரிடம் துணைக்குச் செல்ல ஒவ்வொரு கிளையிலும் ஒருவர் முன்வர வேண்டும். அடுத்த அறுவடைப் பருவத்துக்குத் தொழிலாளர்கள் ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பே இந்த வேலை தொடங்கப்பட வேண்டும்.