படங்களுக்கு ஒரு தனியறை

வல்லம் குடைவரைகளுக்கோ மாமல்லபுரத்துக்கோ சென்று திரும்பும் ஒவ்வொரு முறையும் நூற்றுக்கணக்கான படங்கள் நம் இல்லக் கணினியில் வந்து சேர்கின்றன. கல்வெட்டின்மீது ஒளி எந்தக் கோணத்தில் விழவேண்டும் என்று மணிக்கணக்கில் விவாதிக்கும் நாம், அப்படங்கள் வன்தட்டில் எங்கே, எவ்வாறு அமரவேண்டும் என்பதை மட்டும் கணினியை அமைத்துத் தருபவரின் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறோம். இது முறையன்று என்பதே எங்கள் கருத்து.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் சாளுவன்குப்பத்தில் மணல் விலகிப் பாறைக் கல்வெட்டு வெளிப்பட்டது. தொடர்ந்து 2005இல் இந்தியத் தொல்லியல் துறை அகழ்ந்தபோது, செங்கல்லால் எழுப்பப்பட்ட முருகன் கோயிலின் எச்சங்கள் கிடைத்தன. அகழ்ந்த மண்ணை மீண்டும் பழையபடி அடுக்கிப் பார்க்க இயலாது. அந்நாளில் எடுத்த படம்தான் அந்நாளுக்குச் சான்று. அத்தகைய படங்கள் நம்மில் ஒருவரின் கணினியிலும் இருக்கக்கூடும்.

எனவே, இயங்குதளத்துக்கு ஒரு பிரிவு, சேகரிப்புக்கு ஒரு பிரிவு என வன்தட்டை இரண்டாகப் பிரியுங்கள். இயங்குதளம் பழுதானால் அதன் பிரிவை மட்டும் அழித்து மீண்டும் நிறுவலாம். படங்களைத் தொட வேண்டியதில்லை. நான்கைந்தாக நறுக்குவது வீண். ஒன்று நிரம்பி வழியும்போது மற்றொன்று காலியாகக் கிடக்கும்.

அடுத்து, கோப்பு முறைமை. ஃபேட்32 எங்கும் திறக்கும் என்பது உண்மையே. ஆனால், 4 ஜிபியை எட்டும் ஒற்றைக் கோப்பை அது ஏற்காது. மின்சாரம் திடீரென நின்றால் கோப்பு முறைமையின் கட்டமைப்பைக் காக்கும் 'ஜர்னல்' குறிப்பேடும் அதற்கில்லை. லினக்ஸ் மட்டும் பயன்படுத்துவோருக்கு எக்ஸ்ட்4 நன்று. விண்டோஸும் உடனிருந்தால் சேகரிப்புப் பிரிவு என்.டி.எஃப்.எஸ். ஆக இருக்கட்டும்.

தமிழில் பெயரிடுவோர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. எக்ஸ்ட்4இல் கோப்புப் பெயருக்கு 255 பைட்டுகளே இடம். யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்டுகள். 'கு' என்னும் ஓரெழுத்துக்கே 6. ஊர், மண்டபம், மன்னர், ஆட்சியாண்டு என்று விரித்தெழுதினால் 85 குறியீடுகளுக்குள் அடக்கியாக வேண்டும். என்.டி.எஃப்.எஸ். 255 குறியீடுகள்வரை இடந்தரும்.

இவ்வளவு செய்தாலும் பாதுகாப்பு முழுமையாகாது. மாமல்லபுரம் மும்மூர்த்தி குடைவரையில் கருவறைகள் மூன்று, பாறை ஒன்றே. வன்தட்டின் பிரிவுகளும் அவ்வாறே. தட்டே பழுதானால் எல்லாப் பிரிவுகளும் சேர்ந்தே போகும். ஆகவே மற்றொரு வன்தட்டில் படியெடுத்து, அதை வேறொரு வீட்டில் வைக்கவேண்டும். குழுவாகப் பயணம் செல்லும் நமக்கு இதில் சிரமம் ஏது? உங்கள் படி எங்களிடம் இருக்கட்டும். எங்கள் படி உங்களிடம் இருக்கட்டும்.