காஸ் முடிந்துவிட்டது என்று சொன்னால்

ஏசி வாங்கப் போகிறவர்கள் கடையில் கேட்கும் முதற் கேள்வி ‘எவ்வளவு?’ என்பதுதான். கடைக்காரர் சொல்லும் பதில் பெட்டியின் விலை மட்டுமே. அதைச் சுவரில் பூட்ட ஒரு விலை, மாதாமாதம் ஓட்ட ஒரு விலை, கழுவித் திருத்த ஒரு விலை என்று பின்னால் வருகிறவை நிறைய. அவற்றை முன்கூட்டியே கேட்டு, பிரித்து எழுதித் தாளில் வாங்கும் பழக்கம் நம்மிடம் இல்லை. அந்தப் பழக்கம் வர வேண்டும், அதிலும் வீட்டுப் பெண்களுக்கு முதலில் வர வேண்டும் என்பதே என் கட்சி.

பல்லேபொலவில் எதற்கு ஏசி என்று கண்டியிலுள்ள சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள். மார்ச், ஏப்ரலில் வந்து தகரக் கூரையின் கீழ் ஒரு பகல் இருந்து பார்க்கட்டும். பாரிசவாதத்தில் படுத்துவிட்ட உம்மும்மாவின் அறைக்காக, கட்டாரில் இருக்கும் வாப்பா காசு அனுப்பித்தான் நாங்கள் வாங்கினோம். அன்றிலிருந்து ஏசி பாஸ் வந்தால் கதவைத் திறப்பவர் உம்மா. கணக்கு எழுதுகிறவள் நான்.

‘இலவசமாகப் பூட்டித் தருவோம்’ என்றால், எத்தனை அடிக்கு என்று கேட்க வேண்டும். வழக்கமாக அதில் பத்தடி செம்புக் குழாய்தான் அடங்கும். உள்பெட்டிக்கும் வெளிப்பெட்டிக்கும் இடையில் அதற்கு மேல் போகும் ஒவ்வோர் அடிக்கும் தனிக் காசு. வெளிப்பெட்டியைத் தாங்கும் இரும்பு, தண்ணீர் வடியும் குழாய், மெயின் போர்டிலிருந்து தனி வயர், தனி பிரேக்கர், துளைத்த சுவரைப் பூசும் மேசன் வேலை எல்லாம் வேறு. எங்கள் வெளிப்பெட்டி பின்வளவுக்குப் போனதால் குழாய் 22 அடியானது. ‘இலவச’ வேலைக்கு நாங்கள் கொடுத்தது 38,000 ரூபாய். அதை அநியாயம் என்று சொல்லமாட்டேன். செம்பு வெளிநாட்டிலிருந்து வருவது. 2022இல் 200 ரூபாயளவில் இருந்த டொலர் 360ஐத் தாண்டியது. 2024 ஜனவரியிலிருந்து வற் வரியும் 18 சதவீதம். அடிக்கணக்கை முதலிலேயே சொல்லியிருந்தால் பெட்டியைப் பக்கச் சுவரிலேயே வைத்திருப்போமே என்பதுதான் என் மனக்குறை.

பூட்டும் நாளில் பார்க்க வேண்டியது இன்னொன்று. குழாயை இணைத்தபின் ஒரு சிறிய பம்பால் உள்ளேயிருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்க வேண்டும். இருபது, முப்பது நிமிட வேலை. அவசரக்காரர்கள் அதை விட்டுவிடுவார்கள். ஈரம் உள்ளே தங்கினால் கம்பிரசரின் ஆயுள் குறையும். அந்தச் செலவு வரும்போது பூட்டியவரின் தொலைபேசி இலக்கம்கூட மாறியிருக்கும்.

இனி அந்தப் புகழ்பெற்ற வசனத்துக்கு வருவோம்: “காஸ் முடிஞ்சி போச்சி.”

ஏசியின் காஸ் அடுப்பு சிலிண்டரிலுள்ளதைப் போன்றதல்ல. அது எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் திரவமாகவும் வாயுவாகவும் மாறி மாறிச் சுற்றி, அறையின் வெப்பத்தை எடுத்து வெளியே விடுகிறது. குழாய் சரியாக இருந்தால் ஆண்டுக்கணக்கில் அதே காஸ் போதும். குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். எங்கள் வீட்டில் எட்டு மாதத்துக்குள் இரண்டு முறை காஸ் ஏற்றினார்கள், ஒவ்வொரு முறையும் 14,000. மூன்றாம் முறை வந்தவரிடம், “போன காஸ் எங்கே போனது?” என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் உம்மாவைப் பார்த்தார். பிறகு சவர்க்கார நுரையைப் பூசிப் பார்த்தபோது, வெளிப்பெட்டியின் இணைப்பில் குமிழி வந்தது. அந்த இணைப்பைத் திருத்த 3,500 ரூபாய். அதன்பின் காஸ் முடியவில்லை.

கசிவைத் திருத்தாமல் காஸ் ஏற்றுவது காசைக் காற்றில் விடுவதுதான். காற்றுக்கும் கேடு. பழைய ஆர்-22 காஸ் ஓசோனை அரிப்பதால்தான் 1987இன் மொன்றியல் உடன்படிக்கை வழியாக அது படிப்படியாக விலக்கப்படுகிறது. அதற்குப் பதிலாக வந்த ஆர்-410ஏ ஓசோனைத் தொடாது, ஆனால் பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிட 2,000 மடங்குக்கு மேல் வலியது. இப்போதைய ஆர்-32 அதில் ஏறத்தாழ மூன்றிலொன்று. ஆனால் இலேசாகத் தீப்பற்றக்கூடியது, கற்றுக்குட்டிகளின் கைக்கு உரியதல்ல. எந்தக் காஸ், எவ்வளவு நிறை என்பது வெளிப்பெட்டியின் லேபிளிலேயே இருக்கிறது. தராசு வைத்து நிறுத்துத்தான் ஏற்ற வேண்டும். “எத்தனை கிராம் போட்டீங்க?” என்று கேட்டுப் பாருங்கள், முகம் மாறும்.

கரண்ட் பில்லில் ஒளிவுமறைவு இல்லை, கணக்குத் தெரிந்தால் போதும். 12,000 பீரியூ ஏசியை ஒரு ‘டன்’ என்பார்கள். ஒரு டன் பனிக்கட்டி 24 மணித்தியாலத்தில் உருகி இழுக்கும் வெப்பத்துக்கு அது சமம் என்பதால் வந்த பெயர். இன்வேர்ட்டர் இல்லாத அத்தகைய ஏசியின் கம்பிரசர் ஒரு மணித்தியாலம் ஓடினால் ஏறத்தாழ ஓர் அலகு. எட்டு மணித்தியால இரவில் அது ஐந்து மணித்தியாலம் ஓடுகிறது என்று வைத்தால் மாதம் 150 அலகு. ஏற்கனவே 90 அலகு எரிக்கும் வீடு 240க்குப் போகிறது. நமது வீட்டுக் கட்டணம் படிக்கட்டு போன்றது, ஒவ்வொரு படியிலும் அலகின் விலை கூடும். 180ஐத் தாண்டினால் ஆக உயர்ந்த படி. கட்டணத்தை 2023 பெப்ரவரியில் 66 சதவீதம் கூட்டினார்கள், 2025 ஜனவரியில் 20 குறைத்தார்கள், ஜூனில் மீண்டும் 15 கூட்டினார்கள். படிக்கட்டு மட்டும் அப்படியே இருக்கிறது. 26 பாகையில் வைத்து மின்விசிறியையும் போட்டால் உம்மும்மாவுக்குப் போதுமாக இருக்கிறது. வடிகட்டியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நானே குழாயடியில் கழுவுகிறேன். அதற்குச் செலவில்லை.

என்னை இதை எழுத வைத்தது வேறொன்று. சர்வீசுக்கு எவ்வளவு என்று உம்மா தொலைபேசியில் கேட்டபோது 6,500 என்றார்கள். மறுநாள் மாமா அதே இடத்தில் கேட்டார், 4,500. வீட்டுக்கு வருகிறவர்களின் முதற் கேள்வியும் “ஆம்பிளை யாரும் இல்லையா?” என்பதே. அந்தக் கேள்வியின் விலை 2,000 ரூபாய் என்று நான் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன்.

நமக்கு வழி இல்லாமலில்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி, கேட்டால் பற்றுச்சீட்டு கொடுக்க வேண்டும். முறையிட 1977 என்ற இலக்கம் இருக்கிறது. பற்றுச்சீட்டில் வேலை வேறு, பொருள் வேறு என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, மீன்காரரிடம் இதைவிடக் கூடுதலாகப் பேசுகிறோம்.

குளிரூட்டித் திருத்தும் தொழிலுக்குத் தொழிற் பயிற்சி அதிகாரசபையில் என்விகியூ சான்றிதழோடு படிப்பு இருக்கிறது. உயர்தரத்துக்குப் பின் ஆசிரியர் கலாசாலை, கணக்கியல் என்று மட்டும் யோசிக்கும் பெற்றோர், மகள் கேட்டால் இதற்கும் தலையசைக்கலாம். ஆண்கள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் ஒரு பெண் பாஸைக் கூப்பிடுவார்களா என்று உம்மாவிடம் கேட்டேன். எங்கள் ஒழுங்கையில் ஏசி உள்ள வீடுகளை அவர் விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். பதினொன்று வந்தது.