பனிப்பாதைக்குக் காசு யார் தருவது?

அமெரிக்காவின் மின்னசோட்டாவில் பனி விழுந்ததும் ஸ்னோமொபைல் வண்டிகள் கிளம்பிவிடும். அவற்றுக்கென்றே சுமார் 35,000 கிலோமீட்டர் பாதை! பெரும்பகுதியைக் கவனிப்பது உள்ளூர் கிளப்காரர்கள், சம்பளம் கிடையாது. ராத்திரியில் இயந்திரம் ஓட்டிப் பனியைச் சமன் செய்வார்கள். பாதைக்கு நிலம் விடும் விவசாயிகள் பலர் வாடகைகூடக் கேட்பதில்லை. ஆனால் டீசலுக்கும் பாலத்துக்கும்? வண்டிப் பதிவுக் கட்டணமும் பெட்ரோல் வரியில் ஒரு துளியும்தான்.

2023-24 குளிர்காலத்தில் பனியே சரியாக இல்லை. அப்படிப்பட்ட வருடத்தில் யாருக்குப் பதிவைப் புதுப்பிக்க மனசு வரும்? அதற்காகப் பாலம் பழுதாகாமல் இருக்குமா?

கட்டணத்தை உயர்த்தட்டும் என்பதே என் கட்சி. ஓட்டுகிறவர் கொடுப்பதுதானே நியாயம்! புது வண்டிக்கு லட்சக்கணக்கில் கொட்டுகிறவருக்கு இது பெரிதில்லை. அப்பாவின் பழைய வண்டியை ஓட்டும் கிராமத்துப் பையனுக்கு மட்டும் சலுகை வையுங்கள்.