அழகரைப் பார்க்கக் குடும்பத்தோடு வருவோம்: எங்கள் கொள்கைப் பிரகடனம்

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் வாழும் குடும்பங்கள் நாங்கள். எங்கள் வீடுகளில் அம்மாவோ அப்பாவோ மாற்றுத்திறனாளி. சின்ன வயதில் போலியோ வந்தவர்கள், பார்வையில்லாதவர்கள், காது கேளாதவர்கள், பக்கவாதத்துக்குப் பிறகு சக்கர நாற்காலிக்கு வந்தவர்கள் எனப் பலர். சித்திரைத் திருவிழாவுக்கு வீடு முழுவதும் ஒன்றாகச் சேர்ந்து போவது எங்கள் உரிமை. அதை அறிவிக்கவும், நடைமுறைக்குக் கொண்டுவரும்வரை ஓயாமல் உழைக்கவும் இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம்.

மாற்றுத்திறனாளிகளுக்கென்று ஏற்பாடு செய்பவர்கள் பெரும்பாலும் ஒற்றை ஆளை மனத்தில் வைத்தே செய்கிறார்கள். ஒரு நாற்காலி, தள்ளுவதற்கு ஒரு துணையாள், ஓரமாக ஓர் அடைப்பு. அந்த நாற்காலியில் இருப்பவருக்குப் பிள்ளைகள் இருக்கலாம். பிள்ளைக்கு மொட்டை போடுவதாக அழகருக்கு நேர்ந்திருக்கலாம். பேத்தியை மடியில் வைத்து, "அந்தா பாரு, தங்கக் குதிரை" என்று காட்ட ஆசைப்படலாம். இதெல்லாம் ஏற்பாடு செய்பவர்களுக்குத் தோன்றுவதே இல்லை. துணையாள் ஒருவருக்கு மட்டும் அனுமதி என்றால் மற்ற பிள்ளைகள் தடுப்புக்கு வெளியே யாரை நம்பி நிற்பார்கள்? எங்கள் பெற்றோர் எங்களை வளர்த்தவர்கள். திருவிழாவிலும் அவர்கள் குடும்பத்தின் பெரியவர்களாகவே நிற்க வேண்டும்.

அழகர்கோயிலிலிருந்து புறப்பட்டு, வழிநெடுக மண்டகப்படிப் பந்தல்களில் நின்று, தல்லாகுளத்தில் மக்கள் எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை முடிந்து, சித்ரா பௌர்ணமி விடியலில் கள்ளழகர் தங்கக் குதிரையில் வைகையில் இறங்குகிறார். மக்களைத் தேடிச் சாமியே மலையடிவாரத்திலிருந்து வருகிற விழா இது. தேடி வருகிற சாமியைக்கூட எங்கள் அம்மா அப்பாவால் பார்க்க முடியவில்லை என்றால் அது அவர்களுடைய காலின் குறையோ கண்ணின் குறையோ அல்ல. வழியில் நாம் வைத்திருக்கும் தடுப்புகளின் குறை.

எங்களில் ஒருவரின் அப்பா, பின்னால் கூடுதல் சக்கரம் பூட்டிய ஸ்கூட்டரில் வருபவர். வண்டிகளுக்கு அனுமதியில்லை என்று ஆற்றுக்கு வெகு தொலைவிலேயே பேரிகார்டு போட்டுவிடுகிறார்கள். மற்றவர்களுக்கு அது வண்டி, அவருக்கு அதுதான் கால். அதை விட்டுவிட்டு, காலில் கேலிப்பரோடு ஊன்றுகோலை ஊன்றி, பக்தர்கள் துருத்தியில் பீய்ச்சிய தண்ணீர் வழியும் தார்ச்சாலையில் அவர் எவ்வளவு தூரம் நடப்பார்? திரும்பிப் போய்விடுகிறார். கூடவே பிள்ளைகளும் திரும்புகிறார்கள்.

இன்னொரு வீட்டில் அம்மா, அப்பா இருவருக்குமே காது கேட்காது. கூட்டத்தில் பிள்ளை கைநழுவிப் போனால் நம் ஊரில் என்ன செய்வார்கள்? மைக்கில் சொல்வார்கள். சட்டை நிறம், வயது, பெயர் எல்லாவற்றையும் ஒலிபெருக்கி ஊருக்கே அறிவிக்கும். பெற்றவர்களுக்கு மட்டும் அது எட்டாது. அந்தப் பயத்திலேயே அவர்கள் பிள்ளையை ஆற்றுப்பக்கம் கூட்டிவருவதில்லை.

பார்வையில்லாத அப்பா ஒருவர் இருக்கிறார். கோவிந்தா முழக்கம் எழுந்ததும் மகளின் தோளை அழுத்தி, "என்ன பட்டு தாயி?" என்று கேட்பார். அழகர் உடுத்தி வரும் பட்டு பச்சை என்றால் அந்த வருடம் விளைச்சல் செழிக்கும் என்பது மதுரைக்காரர்களின் நம்பிக்கை. மகள் "பச்சைதாம்ப்பா" என்றால் அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். கண் தெரியாதவருக்கு எதற்குத் திருவிழா என்று கேட்பவர்களே, ஒரு தடவை அவருக்குப் பக்கத்தில் வந்து நில்லுங்கள்.

"இவுகளை எதுக்கு இந்தக் கூட்டத்துல கூட்டியாந்தீக?" இந்தக் கேள்வியைச் சந்திக்காத எங்கள் வீட்டுப் பிள்ளைகள் இல்லை. நல்லெண்ணத்தில்தான் கேட்கிறார்கள், ஆனால் கூட வந்த பெரியவரின் முகத்துக்கு எதிரே, அவரை விட்டுவிட்டுப் பிள்ளையிடம் கேட்கிறார்கள். பாதுகாப்பு என்று காரணமும் சொல்கிறார்கள். 2022-இல் ஆற்றங்கரை நெரிசலில் இருவர் உயிரிழந்தார்கள். அந்த நெரிசல் யாருக்குமே ஆபத்துதான். அதற்குப் பரிகாரம் எங்களை வீட்டில் வைத்துப் பூட்டுவதா, வழியை அகலமாக்குவதா? சக்கர நாற்காலி போகிற வழியில் ஸ்ட்ரெச்சரும் போகும், கைக்குழந்தைக்காரியும் போவாள், தள்ளாத பாட்டியும் போவார்.

சட்டம் எங்கள் பக்கம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, தன் 29-ஆவது பிரிவில், மற்றவர்களுக்குச் சமமாகப் பண்பாட்டு வாழ்விலும் பொழுதுபோக்கிலும் பங்கேற்கும் உரிமையைக் காப்பது அரசின் கடமை, உள்ளாட்சிகளின் கடமை என்கிறது. பார்வையற்றவரான ராஜீவ் ரதூரி 2005-இல் தொடுத்த வழக்கில், 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், அணுகல் வசதிக்கான விதிகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக்கப்பட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஆகவே நாங்கள் யாரிடமும் சலுகை கேட்கவில்லை.

ஆற்று மணலில் எப்படிப் பாதை போடுவது என்ற கேள்விக்கும் தமிழ்நாட்டிலேயே பதில் இருக்கிறது. 2022 நவம்பரில் சென்னை மெரினாவில் கடலை நெருங்கும்வரை மரப்பாதை போட்டார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது. மறுபடியும் சீரமைத்தார்கள். கடலோர மணலில் முடிந்தது, சில நாள் விழாவுக்காக வைகைக் கரையில் முடியாதா?

நாங்கள் கேட்பது இவை. எங்கள் ஸ்கூட்டர்கள் பேரிகார்டைத் தாண்டிக் கரைவரை வர அனுமதி வேண்டும். அங்கிருந்து பலகைப் பாதை வேண்டும். ஓரடி உயரம் ஏறப் பன்னிரண்டடி நீளம் என்ற கணக்கில் சாய்தளம் வேண்டும். செங்குத்தாக ஒரு பலகையைச் சாய்த்துவைத்து அதைச் சாய்தளம் என்று சொல்லக் கூடாது. குடும்பம் பிரியாமல் உட்காரும் மேடையும், சக்கர நாற்காலி உள்ளே திரும்புகிற கழிப்பறையும் தேவை. கழிப்பறை இல்லை என்ற ஒரே காரணத்துக்காக முதல் நாள் இரவிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வருகிற அம்மாக்கள் எங்களிடையே உண்டு. இதை இரண்டாம்பட்சமாக்க நாங்கள் விடமாட்டோம். காணாமற்போன பிள்ளைகளின் படமும் பெயரும் திரையில் ஓட வேண்டும், உதவி மையத்தில் சைகை மொழி தெரிந்தவர் இருக்க வேண்டும். மைக் பிடிப்பவர்கள், அழகர் எங்கே வருகிறார், என்ன பட்டு உடுத்தியிருக்கிறார் என்பதை விடாமல் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

இவற்றை முடிவு செய்யும் ஆலோசனைக் கூட்டத்தில் எங்கள் அம்மா அப்பாக்கள் உட்கார்ந்திருக்க வேண்டும். அவர்களைக் கேட்காமல் போடும் எந்த ஏற்பாட்டையும் ஏற்கமாட்டோம். பொன்னாடை போர்த்திப் படம் எடுக்கும் விழாக்களுக்கும் வரமாட்டோம்.

கொடியேற்றத்துக்கு வெகு முன்பே மாவட்ட நிர்வாகத்திடமும் மாநகராட்சியிடமும் காவல்துறையிடமும் கோயில் நிர்வாகத்திடமும் மனுக் கொடுப்போம். மறுத்தால் நீதிமன்றம் போவோம்.

மண்டகப்படிக்காரர்களே, உங்கள் பந்தலுக்குப் படி இருந்தால் பக்கத்தில் ஒரு சாய்தளம் போடுங்கள். அதற்கு அரசாணை தேவையில்லை. "நீங்க போயிட்டு வாங்க, நான் வீட்டைப் பாத்துக்கிறேன்" என்று வருடாவருடம் சொல்கிற ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், இந்தச் சித்திரையில் அவரை விட்டுவிட்டுக் கிளம்பாதீர்கள். அவரோடு சேர்ந்து எங்களிடம் வாருங்கள்.